வாசலில் ஒரு லாரி மரச்சில்லு

வேலை முடிந்து வீடு திரும்பினால், கார் நிறுத்தும் இடத்தில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு குவியல். பச்சை மர வாசனை தெருவரைக்கும் அடிக்கிறது. உள்ளே கையை விட்டால் வெந்நீர்ப் பானையைத் தொட்டதுபோல் சுடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்தக் குவியலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். விலை எதுவும் இல்லை.

இலவசமாகக் கிடைக்கக் காரணம் இருக்கிறது. மின்கம்பியில் உரசும் கிளைகளையும் பட்டுப்போன மரங்களையும் வெட்டுகிறவர்கள், அவற்றை அங்கேயே சிப்பர் இயந்திரத்தில் கொடுத்துச் சில்லாக்கி லாரியில் நிரப்பிவிடுகிறார்கள். குப்பைக் கிடங்கில் கொட்டினால் கட்டணம், போய்வர டீசல் செலவு வேறு. பக்கத்துத் தெருவில் ஒருவர் வாங்கிக்கொண்டால் இரண்டும் மிச்சம். இந்த இரு தரப்பையும் இணைக்கவே போர்ட்லாந்தில் ‘சிப் டிராப்’ என்ற சேவை தொடங்கியது. எந்த மரம், எந்த நாள், எவ்வளவு என்பதெல்லாம் கேட்பவர் கையில் இல்லை. பெரிய லாரியில் 20 கன கெஜம், அதாவது சுமார் 15 கன மீட்டர் வரை வரும். 10 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் 1,600 சதுர அடி. நம் கணக்கில் ஒரு கிரவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு.

குவியல் சுடுவது நுண்ணுயிரிகளின் வேலை. இலையும் பச்சைப் பட்டையும் கலந்த சில்லை அவை தின்று மூச்சுவிடும்போது எழும் வெப்பம், குவியலுக்குள் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துவிடுகிறது. பரப்பியதும் ஆறிவிடும்.

பலரைத் தயங்கவைப்பது வேறொரு பயம்: பச்சை மரச்சில்லு மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துவிடும் என்பது. பயத்தில் பாதி உண்மை. நுண்ணுயிரிகள் 24 பங்கு கரிமத்தைத் தின்றால் அதற்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். மரக்கட்டையிலோ ஒரு பங்குக்குப் பல நூறு பங்கு கரிமம். பற்றாக்குறையை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் எடுப்பது சில்லும் மண்ணும் தொடும் இடத்தில் மட்டும். கொத்திப் புதைத்தால் வேர் மண்டலம் முழுக்கத் தொடுகை. மேலே பரப்பினால் ஒரு மெல்லிய படலம்தான். மரத்தின் வேர் அதற்குக் கீழே நிம்மதியாக இருக்கிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட் பல ஆண்டுகளாக இதைத்தான் சலிக்காமல் விளக்கிவருகிறார். மேல்மண்ணிலேயே வேர்விடும் கீரைப் பாத்திக்கும் நாற்றுக்கும் மட்டும் எச்சரிக்கை தேவை.

கடையில் மூட்டையாக விற்கும் மரப்பட்டையைவிட இந்தக் கலப்புச் சில்லு மேல் என்பேன். பட்டையில் மெழுகுபோன்ற சுபரின் இருப்பதால் தண்ணீரைத் தள்ளும். பல அளவில் கிடக்கும் சில்லோ இறுகுவதில்லை. மழையும் காற்றும் உள்ளே இறங்கும். மெல்லிய கிளையென்றால் இன்னும் நல்லது. கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் ஜில் லெமியூ, 7 சென்டிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள கிளைகளில்தான் சத்து செறிந்திருக்கிறது என்று காட்டி, அந்தச் சில்லைக்கொண்டு மண்ணை வளப்படுத்தும் முறையை வளர்த்தெடுத்தார். கரும்புத் தோகையையும் தென்னை மட்டையையும் மூடாக்காகப் போடும் நம் விவசாயிக்கு இதன் அடிப்படை புதிதல்ல.

பரப்பும் கனம் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் களை எட்டிப் பார்க்கும். அடிமரத்தைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். மரத்தண்டில் மலைபோல் குவிப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஈரம் தங்கிப் பட்டை அழுகிவிடும். மழைக்குப் பின் சில்லின்மேல் மஞ்சளாக நுரைபோல் ஒன்று பொங்கினால் பயப்படாதீர்கள். அது ஃபுலிகோ என்னும் சளிப்பூஞ்சை. செடியைத் தொடாது, சில நாளில் உலர்ந்து பொடியாகும்.

சில மாதம் கழித்துச் சில்லை விலக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை ஓடியிருக்கும், மண் ஈரமாக உதிரும். மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினைப் பிரித்துப்போடும் வல்லமை அந்தப் பூஞ்சைக்கு உண்டு. இரண்டு மூன்று ஆண்டில் போர்வை மெலிந்து மண்ணோடு கரைந்துவிடும். அப்போது அடுத்த லாரிக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.