முன்புறம் தாழ்ந்த வண்டி

வியாதிகளில் இரண்டு விதம் உண்டு. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக வளருவது ஒன்று. நேற்று நன்றாக இருந்தவனை இன்று படுக்கையில் கிடத்திவிடுவது மற்றொன்று. மோட்டார் வண்டிகளுக்கும் இந்த நியதி பொருந்தும். இரவில் கொட்டகையில் சமமாக நின்ற வண்டி, காலையில் ஒரு பக்கத்து முன் சக்கரத்தின் மேல் குனிந்து நிற்குமானால், உடனே ஸ்பானரைத் தேடி ஓடுவது விவேகமல்ல. முதலில் காரணத்தைத் தேட வேண்டும்.

ஜெர்மனியின் போர்ஷே 911 வண்டியை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். 1963-ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயருடன் தோன்றிய இது, பெஜோ என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் ஆட்சேபத்தினால் 911 ஆயிற்று. 1989 வரையில் நீடித்த அதன் பழைய அமைப்பில், முன் சக்கரங்களுக்குச் சுருள் வில் கிடையாது. அதற்குப் பதிலாக, ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் கிடக்கிறது. ஈரத் துணியைப் பிழிகிறோமே, அதுபோல் இக்கம்பி முறுக்கப்படுகிறது. திரும்பி நிமிரப் பார்க்கும் அதன் பலமே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. இதற்கு 'டார்ஷன் பார்' என்று பெயர். கம்பியின் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு பிணைந்திருக்கும். மறு முனை ஒரு சிறு நெம்புகோலில் பொருந்தியிருக்கும். அந்த நெம்புகோலை ஒரு திருகு தள்ளிக் கொண்டிருக்கிறது. திருகை முடுக்கினால் வண்டி உயரும், தளர்த்தினால் தாழும்.

இனி, பரீக்ஷை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயர்களின் காற்றைச் சரிபார்க்க வேண்டும். ஜாக்கியில் ஏற்றி இறக்கிய வண்டி சக்கரங்கள் உருளும் வரையில் சரியான உயரத்துக்கு வராது. ஆகையால் அதைச் சில கெஜ தூரம் முன்னும் பின்னும் உருட்டி, முன்புறத்தை அழுத்தி விட்டபிறகே அளக்க வேண்டும். மட்கார்டின் விளிம்பை நம்பக்கூடாது. பழைய வண்டியில் அது எப்பொழுதோ அடிபட்டுச் செப்பனிடப்பட்டிருக்கலாம். சக்கரத்தின் மையம் டார்ஷன் பாரின் மையத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே சரியான அளவு. இடது வலதுகளுக்குள் 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் உறுதியாகும். ஆயினும் எதிர் மூலையிலுள்ள பின் சக்கரத்தின் கோளாறும் முன்புறத்தைத் தாழ்த்தக் கூடும். ஆகவே நான்கு மூலைகளையும் அளப்பது அவசியம்.

பலர் இச்சமயம் ஷாக் அப்ஸார்பரின்மேல் பழி போடுகிறார்கள். இது தவறு. அதன் வேலை குதிப்பை அடக்குவது. பாரத்தைச் சுமப்பது அன்று. 1969 முதல் 1971 வரையில் வந்த 911 ஈ வகை இதற்கு விலக்கு. டார்ஷன் பாருக்குப் பதிலாக எண்ணெயும் வாயுவும் அடைத்த தண்டுகளே அதன் முன்புறத்தைத் தாங்கின. அழுத்தம் போனால் வண்டியும் படுத்துவிடும்.

பிறகு, வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக நிறுத்திக் கீழே பார்க்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பித் தலையை உள்ளே நீட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். திருகு தளர்ந்திருக்கிறதா, அதன் மரை தேய்ந்திருக்கிறதா என்பது முதற் கேள்வி. திருகை முடுக்கியும் வண்டி எழும்பாவிட்டால், கம்பி முறிந்திருக்கலாம். இரு பக்கத்தையும் இணைக்கும் ஆன்டி-ரோல் பாரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் தாங்கும் கையை மேலே தூக்கிப் பார்த்தால், முறிந்த பக்கம் எதிர்ப்பில்லாமல் எழும்பும். கம்பியின் மேற்பூச்சில் விழுந்த கீறலில் துரு பிடித்து, அங்கிருந்தே வெடிப்புத் தொடங்குவது வழக்கம். ரப்பர் புஷ்கள் நைந்தாலும் வண்டி தாழும். ஆனால் அது மாதக்கணக்கில் மெதுவாக நிகழ்வது. திடீர்ச் சரிவுக்கு அதைக் காரணமாகக் கொள்வது பொருந்தாது.

கடைசியாக ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் அபாயகரமானது அதுவே. பெட்ரோல் தொட்டிக்குக் கீழேயுள்ள தகட்டுப் பகுதியில்தான் முன் சக்கரக் கைகள் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஈரம் தங்கி அந்த இடம் துருவேறினால், கம்பியும் திருகும் குறையின்றி இருக்க, அவற்றைத் தாங்கும் உடலே இற்றுவிடும். அத்தகைய வண்டியில் திருகை இரண்டு சுற்று முடுக்கி மட்டத்தைச் சரிசெய்வது, வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் நனைத்துவிட்டு ஜுரம் இறங்கிவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பாகும். பார்வைக்கு வண்டி நிமிர்ந்து நிற்கும். வேகமாகப் போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் இடம் பெயர்ந்து விடும். அவ்வண்டியில் மனைவி மக்களும் உட்கார்ந்திருக்கக் கூடும்.

ஆதலின் காரணம் தெரியும் வரையில் வண்டியைச் சாலைக்குக் கொண்டு போகலாகாது. முறிந்த கம்பியை மாற்றும்போது, இடது வலது என்று அதில் பொறித்த அடையாளத்தைக் கவனிக்க வேண்டும்; ஒரு திசையில் முறுக்கப் பக்குவம் செய்த கம்பி மறு பக்கத்துக்கு உதவாது. உயரம் மாறினால் சக்கரங்களின் கோணமும் மாறுமாகையால், அலைன்மெண்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கணக்கில் விடையை மட்டும் திருத்தி எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் கொடுப்பதில்லை. பிழை எந்த வரியில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறோம். வண்டியைப் பழுது பார்ப்பவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது அவ்வளவுதான்.