மரத்தின் எடையில் காற்று

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் காடாக இருந்த நிலத்திற்குச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தது. ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்புடைய அவ்வளாகத்தில் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர்தம் துணைவியார் ஆலிஸும் மரங்களை நட்டுப் பேணினர். பழைய புதர்க்காடும் அங்கு எஞ்சியுள்ளது. இத்தகைய மரங்கள் உள்வாங்கிய கரியமில வாயு எவ்வளவு? வெட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும், மரம்தான் இராது. எனவே மதிப்பீட்டையே நாட வேண்டியுள்ளது.

மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அது மண்ணிலிருந்து வந்ததன்று. ஒளிச்சேர்க்கையின்போது இலைகள் காற்றிலிருந்து ஈர்த்தது. ஆதலின் எடையை அறிந்தால் வாயுவையும் அறியலாம். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளப்பர். மரத்தின் உயரத்தையும் கட்டையின் அடர்த்தியையும் அதனுடன் சேர்த்துக் கணக்கிடுவர். அடர்த்தியை விட்டுவிட்டால் கணக்கு பிழையாகும். ஒரே பருமனுள்ள வேம்பும் முருங்கையும் ஒரே எடையுடையன அல்லவே! வேருக்கென, நிலத்தின் மேலுள்ள எடையில் ஏறத்தாழக் கால்பங்கு கூட்டப்படும்.

வேர் உட்பட ஒரு வேம்பின் உலர் எடை 900 கிலோ எனக் கொள்வோம். அதில் கார்பன் 450 கிலோ. கார்பனின் அணு நிறை 12. கரியமில வாயுவின் மூலக்கூறு நிறை 44. எனவே 450ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க, 1,650 கிலோ கிடைக்கும்.

இது அம்மரத்தின் வாழ்நாள் சேமிப்பு, ஓராண்டு வரவன்று. ஆண்டு வரவை அறிய, சில ஆண்டுகள் கழித்து அதே மரத்தை மீண்டும் அளந்து வேறுபாட்டைக் காண வேண்டும். தேக்கைப்போல ஆண்டு வளையத்தைத் தெளிவாகக் காட்டும் மரங்கள் நம் சமவெளியில் சிலவே. ‘ஒரு மரம் ஆண்டுக்கு இத்தனை கிலோ’ என எல்லா மரத்திற்கும் ஒரே எண்ணைக் கூறும் விளம்பரங்கள் இனம், வயது, மழை ஆகிய மூன்றையும் மறந்துவிடுகின்றன.

புதர்க்காட்டில் இவ்வளவை பெரிதும் தடுமாறும். அடியிலேயே பல தண்டுகளாகப் பிரியும் செடிகளை மார்பளவு உயரத்தில் அளந்து பயனில்லை. அடித்தண்டை அளந்து, அவற்றுக்குரிய தனிச் சமன்பாட்டைக் கையாள வேண்டும். பெருமரங்களை மட்டும் அளப்பவர் ஏட்டில் புதர்க்காடு வெற்றிடமாகவே பதிவாகும். அதனை அழித்து மரக்கன்று நட்டால், வேரிலும் மண்ணிலும் இருந்த கார்பனின் இழப்பு கணக்கிலேயே வராது.

சேர்ந்த கார்பன் நிலைத்திருக்கும் என்பதும் உறுதியன்று. 2016 டிசம்பர் 12இல் கரையைக் கடந்த வர்தா புயலில் சென்னையிலும் புறநகரிலும் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. அவ்வாறு சாய்ந்த மரம் மேசையாகவோ கதவாகவோ மாறினால், அதன் கார்பன் அக்கட்டையிலேயே தங்கும், மட்கினால் சில ஆண்டுகளில் காற்றிற்குத் திரும்பும், விறகானால் அன்றே.