காகிதத்தில் மிதக்கும் போர்க்கப்பல்கள்

பொழுதுபோக்குகள் பலதிறப்பட்டவை. தபால் முத்திரை சேர்ப்போர் உளர். பழைய நாணயங்களைத் தேடித் திரட்டுவோர் உளர். ஒருபோதும் கட்டப்படாத போர்க்கப்பல்களைத் தாளிலே வரைந்து, அவற்றின் நிறையையும் வேகத்தையும் கணக்கிட்டு மகிழ்வோரும் உளர் என்றால் வாசகர் வியப்புறலாம். இவர்களுட் பலரின் உள்ளத்தைக் கவர்ந்தவை, 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளிற் பிரித்தானியக் கடற்படைக்கெனக் கட்டப்பட்ட கப்பல்களே. “அன்றைய பொறியியலாளரின் இடத்தில் நான் இருந்திருந்தால் எத்தகைய கப்பலை அமைத்திருப்பேன்?” என்னும் கேள்வியே இப்பொழுதுபோக்கின் வித்து.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. பெரியோர் பலர் இதில் ஈடுபட்டிருக்கின்றனர். பிரித்தானியக் கடற்படையில் 1904இல் முதற் கடற் பிரபுவாகப் பதவியேற்ற ஜோன் பிஷர், ‘பிடிக்கவொண்ணாதது’, ‘அணுகவொண்ணாதது’ எனப் பொருள்படும் பெயர்களைச் சூட்டித் தம் கனவுக் கப்பல்களைக் காகிதத்தில் உருவாக்கியவர். அதற்கு முன்னரே, 1903இல், இத்தாலியக் கப்பற் பொறியியலாளர் வித்தோரியோ கூனிபேர்த்தி, பிரெட் ஜேன் என்பார் வெளியிட்டு வந்த போர்க்கப்பல் ஆண்டு நூலிலே, பிரித்தானியாவுக்கு ஏற்ற இலட்சியக் கப்பலைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். 17,000 தொன் நிறை; 12 அங்குல வாயகலமுள்ள பீரங்கிகள் 12; 12 அங்குலத் தடிப்புள்ள உருக்குக் கவசம்; மணிக்கு 24 கடல்மைல் வேகம். இவையே அவர் கண்ட கனவு.

1906 பெப்ரவரியில் ‘டிரெட்னோட்’ என்னும் புகழ்பெற்ற கப்பல் கடலில் இறக்கப்பட்டது. அதன் நிறையோ ஏறத்தாழ 18,000 தொன். பெரும் பீரங்கிகள் 10. கவசம் 11 அங்குலம். வேகம் 21 கடல்மைல். கனவுக் கப்பலினும் நிறை மிகுந்திருந்தும், பீரங்கியில் இரண்டும், கவசத்தில் ஓர் அங்குலமும், வேகத்தில் மூன்று கடல்மைலும் குறைந்துவிட்டன. ஆயினும் அது வெளிவந்த அளவில் உலகின் ஏனைய போர்க்கப்பல்கள் யாவும் பழையனவாய்ப் போயின. கனவுக்கும் கப்பலுக்கும் இடையே உள்ள இத்தூரம் எதனால் ஏற்படுகின்றது என்று அறிவதிலேதான் இப்பொழுதுபோக்கின் சுவை அடங்கியுள்ளது.

கப்பலின் கணக்கு, குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றது. மிதக்கும் பொருள், தான் இடம்பெயர்க்கும் நீரின் நிறைக்குச் சமமான நிறையையே தாங்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. 35 கன அடி கடல்நீர் ஒரு தொன் நிறையுள்ளது. ஆகவே, கப்பலின் நீரில் அமிழும் பகுதி இவ்வளவு என்று வரையறுத்த கணமே நமது வருமானம் வரையறுக்கப்பட்டுவிடுகின்றது. உடற்கட்டு, பீரங்கி, கவசம், இயந்திரம், எரிபொருள் ஆகிய ஐந்து செலவுகளும் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஒன்றிற் கூட்டினால் மற்றொன்றிற் குறைத்தே தீரல் வேண்டும். கடன் வாங்க வழியில்லை. கடன்பட்ட கப்பல் மூழ்கிவிடும்.

இவற்றுள் மிகுந்த செலவு வைப்பது வேகமே. வேகம் இருமடங்காக வேண்டுமெனில் இயந்திரவலு எட்டு மடங்கேனும் வேண்டும் என்பது பரும்படியான கணக்கு. பிஷரின் முயற்சியால் ‘டிரெட்னோட்’டுக்கு அடுத்துப் பிறந்த ‘இன்வின்சிபிள்’ என்னும் போர்க் குரூசர் இதற்கு நல்ல சான்று. நிறையில் முன்னையதைவிடச் சிறிதே குறைந்த அக்கப்பலின் வேகம் 25 கடல்மைல். இந்த நான்கு கடல்மைல் மேலதிக வேகத்துக்காக, 23,000 ஆக இருந்த குதிரைவலு 41,000 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குக் கொடுத்த விலையாகப் பீரங்கிகள் 10இலிருந்து 8 ஆயின. பக்கக் கவசம் 11 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாயிற்று.

இந்தத் தேர்வு சரியானதா, பிழையானதா? வரலாறு இரு விடைகளைத் தந்தது. 1914 டிசம்பர் 8ஆம் நாள், போக்லாந்துத் தீவுகளின் அருகே ‘இன்வின்சிபிள்’ தன் தோழமைக் கப்பலான ‘இன்பிளெக்சிபி’ளுடன் ஜேர்மனியக் குரூசர்களைத் துரத்திப் பிடித்து, ‘ஷார்ன்ஹோர்ஸ்ட்’, ‘நைசெனோ’ என்னும் இரண்டு பெருங் கப்பல்களை மூழ்கடித்தது. அன்று வேகம் வென்றது. 1916 மே 31ஆம் நாள், ஜட்லாந்துப் போரில் அதே கப்பலின் பீரங்கிக் கூண்டைக் குண்டொன்று துளைத்தது; வெடிமருந்து அறை வெடித்துக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. 1,026 பேர் மாண்டனர். தப்பியோர் ஆறு பேர் மட்டுமே. ‘இன்டிபட்டிகபிள்’, ‘குயின் மேரி’ என்னும் வேறு இரு போர்க் குரூசர்களும் அன்றே வெடித்து மூழ்கின. மெல்லிய கவசம் மட்டுமே இதற்குக் காரணமன்று. விரைந்து சுடும் ஆவலில் வெடிமருந்தைக் காப்பின்றிக் கையாண்டமையும் பெருங் காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு.

இக்கதையை அறிந்த மாணவன் பென்சிலை எடுத்து, “கவசத்தை 9 அங்குலமாக்குவேன்” என்று தொடங்குவான். உடனே நிறை ஏறும். அதனை ஈடுசெய்யக் கொதிகலன்களைக் குறைத்தால் வேகம் தளரும். போக்லாந்திற் பகைவனைப் பிடிப்பது அரிதாகும். பீரங்கியைச் சிறிதாக்குவோம் என்றால், அவ்வழியிற் சென்றவர் ஜேர்மனியர். அவர்களின் ‘வொன் டெர் தான்’ 11 அங்குலப் பீரங்கிகளோடும் ஏறக்குறைய 10 அங்குலக் கவசத்தோடும் அமைந்தது. அதற்கு 19,000 தொன்னுக்கு மேல் வேண்டியிருந்தது. கப்பலையே பெரிதாக்கினாலோ பணமும் பெரிய துறைமுகத் தளங்களும் வேண்டும். அரைமணி நேரம் இவ்வாறு போராடிய பின், “அன்றைய பொறியியலாளர் அறிவிலிகள்” என்ற எண்ணம் நம்மை விட்டு அகன்றுவிடும். அவர்களுக்கு நல்லது, தீயது என்ற இரு வழிகள் இருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலையுடைய பல வழிகளே இருந்தன.

நம் நாட்டுக்கு வந்த கப்பலொன்றும் இதனை மெய்ப்பிக்கின்றது. 1924 சனவரியில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த ‘ஹூட்’, ஜட்லாந்து தந்த பாடத்தால் திருத்தி அமைக்கப்பட்ட கப்பல். ஏறக்குறைய 5,000 தொன் கவசம் அதில் மேலதிகமாக ஏற்றப்பட்டது. அதற்குரிய விலையாக அது நீரில் ஆழ அமிழ்ந்தது. அலை மிகுந்த கடலிற் பின்தளத்தில் நீர் புரண்டது. 1941 மே 24ஆம் நாள் ‘பிஸ்மார்க்’குடன் பொருதியபோது அதுவும் வெடித்து மூழ்கியது, அதிலிருந்த 1,418 பேரில் மூவரே உயிர் பிழைத்தனர்.

கொலைக் கருவிகளை வரைவதில் என்ன இன்பம் என்று பெற்றோர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயின், தாளில் ஆறு அங்குலம் என்று எழுதும் கை, அந்த எண்ணுக்குப் பின்னால் 1,026 உயிர்கள் நின்றதை அறிந்து எழுதுமானால், அஃது இகழத்தக்க பயிற்சியன்று. கணிதமும் பௌதிகமும் வரலாறும் ஓரிடத்திற் கூடும் பொழுதுபோக்குகள் மிகச் சிலவே.

தொடங்குவதற்குக் கட்டமிட்ட தாளும் பென்சிலும் போதும். கணினி உள்ளோர் ‘ஸ்பிரிங்ஷார்ப்’ என்னும் இலவச நிரலைப் பயன்படுத்தலாம். நீளம், அகலம், பீரங்கி, கவசம், வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால், உடற்கட்டு தாங்குமா, கப்பல் நிலைத்து நிற்குமா என்பதை அது கூறிவிடும். முதலில் ஆண்டைக் குறியுங்கள். பின்னர் கப்பலின் பணி யாதெனத் தீர்மானியுங்கள். அதன் பின்னரே பீரங்கியை எண்ணுங்கள். குறித்த ஆண்டுக்குப் பிற்பட்ட அறிவைக் கடன் வாங்காதீர்கள். 1906ஆம் ஆண்டுக் கப்பலில் 15 அங்குலப் பீரங்கியை ஏற்றுவது கள்ளக் கணக்கு. அது 1912இல் தொடங்கப்பட்ட ‘குயின் எலிசபெத்’ வகைக் கப்பல்களுடனேயே வந்தது.

முதன்முதல் வரையும் கப்பல் பெரும்பாலும் கணக்கிலேயே மூழ்கிவிடும். மனந்தளர வேண்டா. அதில் உயிர்ச்சேதம் இல்லை. அழித்துவிட்டு மீண்டும் வரையலாம். அந்த வாய்ப்பு மெய்யான கப்பல்களை அமைத்தோருக்குக் கிடைக்கவில்லை.