ஏவலும் எச்சமும்

லினக்சு இயங்குதளத்திலே ஒரே வேளையில் நிகழும் வினைகளைக் கண்காணித்து ஆளுதற்குப் புரொக்பிஎஸ் என்னுங் கருவித்தொகுதி உண்டு. பிஎஸ், டொப், கில் என்பன அதன் உறுப்புகளிற் சில.

'கில்' என்பதைச் சாவகச்சேரி மாணவர் 'கொல்' எனப் பெயர்த்தல் இயல்பே. ஆயினும் அக்கட்டளை ஒரு குறிப்பை அனுப்புவதேயன்றிக் கொல்வதன்று. வேறு குறியாவிடின் அது அனுப்புவது 15ஆம் குறிப்பு. 'முடித்துக்கொள்' என்பது அதன் பொருள். 9ஆம் குறிப்போ மறுக்கவொண்ணாதது. ஆதலின் 'ஏவு' என்பதே தக்க சொல்.

முடிந்த பின்னும், தன்னைத் தோற்றுவித்த தாய்வினை தன் முடிவைக் கேட்டறியுமட்டும் பட்டியலில் நிற்கும் வினையை ஆங்கிலத்தார் 'சொம்பி' என்பர். அதனை 'எச்சம்' என்றால் என்ன? இலக்கணத்து எச்சம் முற்றாதது, இதுவோ முற்றியும் அகலாதது எனப் புலவர் மறுப்பர். மறுக்கட்டும், எஞ்சி நிற்பது எச்சந்தானே!

இத்தொகுதி ஒருமுறை செய்து வைத்துவிடும் பொருளன்று. கருநிரல் 'புரொக்' என்னுங் கோப்பகத்திற் காட்டுவதைப் படித்தே இஃது இயங்குகின்றது. காட்டும் முறை மாறின் படிக்கும் முறையும் மாறல்வேண்டும். டெபியன், பெடோரா, ஓப்பன்சூசே ஆகியவற்றின் பராமரிப்பாளர் பழைய தொகுதியைப் புரொக்பிஎஸ்-என்ஜி எனப் புதுக்கியது இப்பணி தடைப்படாதிருத்தற்பொருட்டே.

2018இல் குவாலிஸ் நிறுவனத்தார் இதனைத் துருவி ஆராய்ந்து பல குறைகளைக் காட்டினர். பயனரின் வீட்டுக்கோப்பகம் குறிக்கப்படாதவிடத்து, டொப் தான் நிற்குங் கோப்பகத்திலுள்ள அமைப்புக்கோப்பை ஐயுறாது படித்துவிடும் என்பது அவற்றுளொன்று. பிறர் வைத்த கோப்பாயின் கேடு விளையும். காவலனே கள்வனுக்குக் கதவு திறந்தாற்போன்ற அந்நிலையைப் பராமரிப்பாளர் அவ்வாண்டிலேயே திருத்தி வெளியிட்டனர். நாள்தோறும் டொப்பைத் திறந்து பார்ப்போருள் அவர்தம் பெயரறிந்தவர் மிகச் சிலரே.