ஈரலில் பிறக்கும் விஷம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர். இரண்டு முறையும் சாராயத்தில் இருந்தது மெத்தனால். 'விஷச் சாராயம்' என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் பாக்கெட்டுக்குள் இருந்தது விஷத்தின் மூலப்பொருள்தான். அதை விஷமாக்கிக் கொடுப்பது குடித்தவரின் கல்லீரல்.

ஆல்கஹால் என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த 'ஹைட்ராக்சில்' என்ற தொகுதி கார்பனில் ஒட்டியிருந்தால் அது இந்தக் குடும்பம். ஒரே கார்பன் என்றால் மெத்தனால். இரண்டு என்றால் எத்தனால். கள், பீர், பிராந்தி எல்லாவற்றிலும் போதை தருவது இதுதான். மூன்று கார்பன் கொண்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சானிடைசரில் இருக்கிறது. அந்த மூன்றிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்சில் இருந்தால் இனிப்பான, பிசுபிசுப்பான கிளிசரின்.

மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் ஒரு கார்பன்தான் வித்தியாசம். இரண்டுக்கும் நிறமில்லை, இரண்டும் தண்ணீரில் கலக்கும், இரண்டும் எரியும். நாக்கையும் மூக்கையும் நம்பிப் பிரிக்க முடியாது. பற்றவைத்துப் பார்த்துத் தரம் சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம்.

வித்தியாசம் தெரிவது கல்லீரலில். அங்குள்ள ஒரு நொதி எத்தனாலை அசெட்டால்டிஹைடாக்கும். அடுத்த நொதி அதை வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலமாக மாற்றும். அதை உடல் எரிபொருளாக்கிக்கொள்ளும். அதே நொதிகளிடம் மெத்தனால் சிக்கினால், முதலில் ஃபார்மால்டிஹைடு வரும். பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இருப்பது அதுதான். பிறகு ஃபார்மிக் அமிலம். கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களில் பாலை உறையவைக்க ஊற்றும் அமிலம் இது. மனித உடலால் இதை வேகமாக வெளியேற்ற முடியாது. தேங்கிய அமிலம், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பார்வை நரம்புக்கு ஆற்றல் அதிகம் வேண்டும் என்பதால் கண்ணுக்கு அடி சீக்கிரமே விழுகிறது. 10 மில்லி மெத்தனால் பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

இதெல்லாம் நடக்க நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம்; எத்தனாலும் கூடவே உள்ளே போயிருந்தால் இன்னும் தாமதம். 'நேற்றே குடித்தேன், ஒன்றும் ஆகவில்லையே' என்ற தெம்பு இதனால்தான் ஆபத்தானது. அதே சாராயத்தைக் குடித்த பக்கத்து வீட்டுக்காரருக்கு வாந்தியோ, வயிற்று வலியோ, கண் மங்கலோ என்றால், நன்றாக இருப்பவரும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனாலேதான்! ரேஷன் கடை வரிசையில் தெரிந்தவர் முன்னால் நுழைவதுபோல அது நொதியைப் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் மாறாமலே சிறுநீரிலும் மூச்சிலும் மெல்ல வெளியேறும். ஃபோமெப்பிசோல் என்ற மருந்து போதையே இல்லாமல் நொதியை அடைக்கிறது. அமெரிக்கா 2000-ல் மெத்தனால் நச்சுக்கு அதை அனுமதித்தது. ஆனால் அமிலம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் இரண்டும் போதாது, டயாலிசிஸ் வேண்டும். ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கும் வைத்தியம் இது. வீட்டில் பிராந்தி ஊற்றிக்கொடுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது.

காய்ச்சுவதில் தவறினால் சாராயம் விஷமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலில் இப்படிக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. பழங்களிலுள்ள பெக்டின் கொஞ்சம் மெத்தனால் தரும், அவ்வளவுதான். ஊர் ஊராகச் சாவு விழுந்தால் அது பெயின்ட், பசை, ஃபார்மால்டிஹைடு ஆலைகளுக்குப் போக வேண்டிய மெத்தனால் வழிமாறி வந்தது என்றே பொருள். மலையில் ஊறல் பானைகளை உடைத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஆலைக்குள் வந்த லிட்டரையும் செலவான லிட்டரையும் சரிபார்ப்பது அதிக உயிர்களைக் காக்கும் என்பது என் கருத்து.

குடிக்காதவர் வீட்டுக்கும் இந்தக் குடும்பம் வந்துவிடும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழக அரசின் பரிசோதனைக்கூடம் கண்டுபிடித்தது. இதுவும் ஆல்கஹால்தான், இதுவும் இனிக்கும், இதையும் கல்லீரல் அமிலமாக்குகிறது. இம்முறை அழிவது சிறுநீரகம். மருந்துக்கான புரொப்பிலீன் கிளைக்காலிலும் கிளிசரினிலும் இது கலந்திருக்கிறதா என்று பார்க்க வாயு நிறப்பகுப்பு என்ற சோதனை இருக்கிறது. டிரம்மைத் திறந்ததும், மருந்தில் ஊற்றும் முன்பே, ஆலை செய்ய வேண்டிய சோதனை அது.