உடம்புக்குள் ஒரு புயல் கூண்டு



போன மாதம் தருவைகுளத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா எங்களைத் தனியே கூப்பிட்டார். "மார்புல ஒரு கட்டி இருக்கும்மா. வலி இல்ல, அதான் விட்டுட்டேன்" என்றார். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லையாம். "கேன்சர்னா அது எப்படித்தான் வருது?" என்றும் கேட்டார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. "வளரு", "நில்லு" என்று வரும் சேதியைக் கேட்டுத்தான் ஒவ்வொரு செல்லும் நடக்கும். தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் நம்ம ஆட்கள் கடலுக்குப் போவதில்லை அல்லவா? அது மாதிரி. புற்றுநோய் செல் மட்டும் "நில்லு" என்ற சேதியை மதிக்காது. பெருகிக்கொண்டே போகும். கட்டி அப்படித்தான் உண்டாகிறது.

ஹார்மோனும் இப்படிச் சேதி கொண்டுபோகும் ஒரு பொருள்தான். அதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நம் நாட்டில் ஆராய்ந்தவர் ஒரு பெண், டாக்டர் கமல் ரணதிவே. 1917-ல் புனேயில் பிறந்தவர். மகள் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகளோ செடிகொடி, உயிரினங்களைப் பற்றிய படிப்பை எடுத்தார். மும்பை புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் செல்களை உடம்புக்கு வெளியே வளர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். 1973-ல் பெண் விஞ்ஞானிகளுக்கென்று சங்கம் தொடங்கினார். 1982-ல் பத்மபூஷண் விருது பெற்றார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. மகாராஷ்டிரா கிராமங்களுக்குப் போய், நம்மைப் போன்ற பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுத்தார். 2001-ல் காலமானார்.

இவரைப் போலப் பல நாட்டு விஞ்ஞானிகள் உழைத்ததன் பலன் இன்று நம் கைக்கு வந்திருக்கிறது. கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து, அது எந்தச் சேதியைக் கேட்டு வளர்கிறது என்று சோதிக்கிறார்கள். ஹார்மோன் சேதி என்றால், அதைச் செல் கேட்காமல் தடுக்கிற மாத்திரை இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆகவே அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை:

• மார்பிலோ அக்குளிலோ கட்டி. வலி இல்லை என்று விடக் கூடாது.
• தோல் குழிவிழுதல், காம்பு உள்ளே இழுத்தல், ரத்தம் கசிதல்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர்தான். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

மறுநாளே குழுத் தலைவியும் நாங்களும் அந்த அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறோம். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று பஸ்ஸில் அவரே சொன்னார்.

அடுத்த கூட்டத்தில், கணக்கு நோட்டை மூடுவதற்கு முன் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். உங்கள் குழுவிலும் ஒரு அக்கா சொல்லாமல் இருக்கலாம்.