குன்னூரில் கழலும் பல்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் நீராவி ரயில் குன்னூர் நிலையத்துக்குள் நுழையும்போது எஞ்சினை முன்பக்கம் தேடக்கூடாது. அது கடைசியில் நின்று பெட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு வரும். வழியில் ஏதாவது ஒரு கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் சரிவில் உருண்டு ஓடாமல் எஞ்சினே அணையாக நிற்கும். அது போதாதென்று பெட்டிக்கொரு பிரேக்ஸ்மேனும் உண்டு.

இத்தனை பயம் ஏன்? கல்லாறு தாண்டியதும் பாதை ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி என்று உயர்கிறது. அந்த ஏற்றத்தில் வழுவழுப்பான இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் போதாது. அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடுவதற்குள் அடுத்ததைக் கவ்விவிடும். பிடி ஒரு கணமும் தளராது.

எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், இரண்டு பல்சக்கரங்களைச் சுழற்றும். ஏற்றத்தில் முதல் ஜோடியை ஓட்டி முடித்த நீராவியை வெளியே விடாமல் இரண்டாவது ஜோடிக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை! இந்த எக்ஸ் வகை எஞ்சின்கள் ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. இந்த நூற்றாண்டில் திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்து அனுப்பியிருக்கிறது.

பல் பதித்த பாதை குன்னூரோடு முடிகிறது. 1899-இல் ரயில் வந்தபோது இதுதான் கடைசி நிலையம். ஊட்டிக்குப் பாதை நீண்டது 1908-இல். அந்தப் பழைய கதை இன்றும் ரயிலின் நடையில் தெரியும். ஊட்டிக்குக் கிளம்பும் வண்டி முதலில் வந்த வழியே கொஞ்சம் பின்னால் போய், பிறகுதான் மேலேறும் பாதையைப் பிடிக்கும். முதல்முறை வருபவர் ‘திரும்ப மேட்டுப்பாளையத்துக்கா?’ என்று கேட்டால் குற்றமில்லை.

யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பாதை என்பதால் பயணிகள் குகைகளையும் பாலங்களையும் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். என்னைக் கேட்டால் குன்னூரில் இறங்கி எஞ்சின் மாற்றுவதைப் பார்ப்பது அதைவிட மேல். நீராவி எஞ்சின் கழன்று கொட்டகைக்குப் போகும். மேலே ஏற்றம் பாதிக்குப் பாதி குறைவு, பல் தேவையில்லை. மிச்ச மலையை டீசல் எஞ்சின் ஏறிவிடும்.